எளிமையும் உண்மையும்: விண்போர் விளையாட்டுகள் எழுப்பும் ஓர் அறவினா

கணினித் திரையில் ஒரு விண்கலம் மிதந்துகொண்டிருக்கிறது. அதனை முதன்முறையாக இயக்க அமர்ந்த ஒருவர், பகைக்கலம் இருக்கும் பக்கமாகத் தம் கலத்தைத் திருப்பி உந்துபொறியை இயக்குகிறார். கலம் புறப்படுகிறது. பகைக்கலத்தை அண்மித்ததும் பொத்தானிலிருந்து கையை எடுக்கிறார். கலம் நிற்கவில்லை, பகைக்கலத்தைக் கடந்து அப்பாலே செல்கிறது. பதற்றத்துடன் அதனை மறுபுறம் திருப்புகிறார். கலத்தின் முகம் திரும்புகிறது; ஆயின் கலமோ பழைய திசையிலேயே, இப்போது பின்புறமாகச் சென்றுகொண்டிருக்கிறது. சிறிது நேரத்தில் அது சுடப்பட்டு அழிகிறது. மூன்று நான்கு தடவை இவ்வாறு நிகழ்ந்ததும் அவர் எழுந்து போய்விடுகிறார். அருகில் நின்று பார்த்த பழகிய ஆட்டக்காரர், "இது எல்லாருக்கும் வராது" என்கிறார்.

விண்போர் விளையாட்டுகள் தோன்றி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இக்காட்சி மாத்திரம் பெரிதும் மாறவில்லை. இதனுள்ளே மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. புதியவர் எதிர்கொள்ளும் கடினம் எங்கிருந்து வருகிறது? அதனை அகற்றிவிடுவது நன்மையா? "எல்லாருக்கும் வராது" என்னும் கூற்றில் நியாயம் உண்டா? முதலாவது அறிவு பற்றிய வினா. ஏனைய இரண்டும் அறம் பற்றியன. முதலாவதற்கு விடை காணாமல் மற்றவற்றை ஆராய்தல் இயலாது.

கையின் பழைய அறிவு

ஒரு பொருள் தன் இயல்புக்கு மாறாக இயங்கவேண்டுமாயின், இயக்குவதொன்று தொடர்ந்து தொழிற்பட வேண்டும் என்பது அரிஸ்டோட்டிலின் கொள்கை. எருது நின்றால் வண்டி நிற்கும். துடுப்பை எடுத்தால் தோணி ஓயும். பூமியில் வாழும் மனிதரின் அன்றாட அனுபவம் இக்கொள்கைக்கு நாள்தோறும் சான்று பகர்கிறது. ஆறாம் நூற்றாண்டிலேயே பிலோபோனஸ் இதனை மறுத்து வாதிட்டார். ஆயினும் விசை எதுவும் தாக்காவிடின் இயங்கும் பொருள் நேர்கோட்டில் மாறா வேகத்துடன் இயங்கிக்கொண்டே இருக்கும் என்பது, 1687இல் நியூட்டனின் நூல் வெளிவந்த பின்னரே பௌதிகத்தின் அடிப்படை விதியாக நிலைபெற்றது. மனித சிந்தனை இந்த இடத்தை வந்தடைய ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் சென்றன. திரைமுன் அமரும் புதியவரோ அதே தூரத்தைச் சில நிமிடங்களில் கடக்குமாறு பணிக்கப்படுகிறார்.

1962இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஸ்டீவ் றஸலும் நண்பர்களும் பி.டி.பி. 1 என்னும் கணினியில் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை ஆக்கினர். இரு கலங்கள், நடுவிலே ஈர்ப்புடைய ஒரு விண்மீன். கலத்தை இடமாகவும் வலமாகவும் சுழற்றலாம், உந்தலாம், சுடலாம். காற்றில்லா வெளியாதலால் உந்திய கலம் தானாக நிற்பதில்லை. அதனை நிறுத்த வேண்டுமாயின் முகத்தை எதிர்த்திசைக்குத் திருப்பி மீண்டும் உந்தவேண்டும். சொல்லும்போது இது எளிது. செய்யும்போது கை மறுக்கிறது.

கை மறுப்பதற்கான காரணத்தை அதே நிறுவகத்தைச் சேர்ந்த அந்திரியா டிசெசா 1982இல் வெளியிட்ட ஆய்வொன்றில் ஆராய்ந்தார். திரையில் உராய்வின்றி நகரும் 'ஆமை' ஒன்றைத் திருப்பவும் 'உதைக்கவும்' கட்டளைகள் உண்டு. அதனை ஓர் இலக்கில் மோதச் செய்யவேண்டும். பாடசாலைச் சிறுவர்கள் அதனிடம் அரிஸ்டோட்டிலின் உலகையே எதிர்பார்த்தனர். மேல்நோக்கி நகரும் ஆமையை வலப்புற இலக்கை நோக்கித் திருப்பி உதைத்தனர். ஆமை முந்திய இயக்கத்தை இழக்காமல் சாய்கோட்டிலே சென்றது. பௌதிகம் கற்ற பல்கலைக்கழக மாணவர் ஒருவரும் அச்சிறுவர்களைப் போலவே முதலில் ஆடினார் என்பதே இவ்வாய்வில் பெரிதும் கருதத்தக்கது. பரீட்சைத் தாளில் நியூட்டனின் விதியை எழுதிய கை, ஆட்டத்தில் அரிஸ்டோட்டிலின் கையாகவே தொழிற்பட்டது.

கில்பேட் றைல் 1949இல் வெளியிட்ட நூலில், ஒன்று இவ்வாறானது என அறிதலையும், ஒன்றை இவ்வாறு செய்ய அறிதலையும் வேறுபடுத்திக் காட்டினார். பின்னையது முன்னையதன் நிழலன்று. அது தனியே ஈட்டப்படவேண்டிய அறிவு. டிசெசாவின் ஆமை இவ்வேறுபாட்டுக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு.

இதனைச் சிறுவர் விளையாட்டு எனத் தள்ளிவிடவும் முடியாது. 1965 ஜூனில் ஜெமினி 4 விண்கலத்தில் சென்ற ஜேம்ஸ் மக்டிவிற், தம்மை ஏற்றிச்சென்ற ரொக்கெட்டின் கழிந்த பகுதியை அண்மிக்க முயன்றார். தேர்ந்த விமானியாகிய அவர், பூமியில் எவரும் செய்வதுபோல இலக்கை நோக்கி உந்தினார். சுற்றுப்பாதையிலோ முன்னோக்கி உந்தினால் பாதை உயர்கிறது, உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்குச் செல்லும் காலம் நீள்கிறது, கலம் பின்தங்குகிறது. எரிபொருளின் கணிசமான பங்கு செலவான பின் முயற்சி கைவிடப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் ஜெமினி 6ஏ கலம், கணக்கிட்ட முறையைப் பின்பற்றி, ஜெமினி 7 கலத்தைச் சில அடி தூரத்தில் அண்மித்தது. இடையில் மாறியது மனிதரின் திறமையன்று. பழைய அறிவு இங்கே செல்லாது என்ற உணர்வும், புதிய அறிவைப் படிப்படியாகப் பயிலும் ஒழுங்கும் வந்து சேர்ந்தன.

ஆகவே திரைமுன் தடுமாறுபவர் மந்தபுத்தியுடையவர் அல்லர். அவர் வெறுங்கையோடு வரவில்லை. பூமியில் நன்கு பயன்பட்ட அறிவோடு வந்திருக்கிறார். அந்த அறிவே இங்கு அவரைத் தடுக்கிறது.

பொருளின் கடினமும் வாயிலின் கடினமும்

மேலே கூறப்பட்டது பொருளின் இயல்பிலே உள்ள கடினம். ஆனால் விண்போர் விளையாட்டுகளில் வேறொரு கடினமும் உண்டு. எந்தப் பொத்தான் எதற்கு என்பது விளங்காமை, ஒரே வேளையில் பல கருவிகளைக் கவனிக்க வேண்டியிருத்தல், தவறு எங்கே நிகழ்ந்தது என்பதை ஆட்டம் சொல்லாமை என்பன அத்தகையவை. இவை விண்வெளியின் விதிகள் அல்ல. மனிதர் அமைத்த வாயிலின் குறைகள்.

1971இல் நோலன் புஷ்னலும் ரெட் டப்னியும் 'ஸ்பேஸ்வார்' ஆட்டத்தைத் தழுவி, காசு போட்டு ஆடும் 'கொம்பியூட்டர் ஸ்பேஸ்' என்ற இயந்திரத்தை உருவாக்கினர். இரு பக்கமும் சுழற்ற இரு பொத்தான்கள், உந்த ஒன்று, சுட ஒன்று. பல்கலைக்கழகச் சூழலைச் சேர்ந்தோர் இதனை விரும்பினர். மதுச்சாலைகளுக்கு வந்த பொதுமக்களுக்கோ இது விளங்கவில்லை எனப் புஷ்னலே பிற்காலத்தில் கூறியுள்ளார். அடுத்த ஆண்டு அவர்களது அற்றாரி நிறுவனம் வெளியிட்ட 'பொங்' ஆட்டத்தில் ஆளுக்கு ஒரே ஒரு குமிழ்தான் இருந்தது. பந்தைத் தவறவிடாதிருப்பதே அங்கு வேண்டப்பட்டது. அது பெருவெற்றி பெற்றது.

மக்களுக்கு எளியதே வேண்டும், கடினமானது வேண்டியதில்லை என்ற முடிவுக்கு இங்கிருந்து எளிதில் வந்துவிடலாம். அம்முடிவு தவறானது. ஏனெனில் 1979இல் அற்றாரி வெளியிட்ட 'அஸ்ரொய்ட்ஸ்' ஆட்டத்தில் அதே நான்கு பொத்தான்களும் இருந்தன. ஐந்தாவது ஒன்றும் சேர்ந்திருந்தது. அவ்வாறிருந்தும் 70,000க்கு மேற்பட்ட இயந்திரங்கள் விற்பனையாயின. எட்டு ஆண்டுகளில் மக்கள் இயந்திர ஆட்டங்களுக்குப் பழகிவிட்டனர் என்பது ஒரு காரணம். ஆட்டத்தின் அமைப்பிலேயே மற்றொரு காரணம் இருந்தது. புதியவர் உந்துபொறியைத் தொடாமலே, திரையின் நடுவில் இருந்தபடி கலத்தைச் சுழற்றிப் பாறைகளைச் சுட்டுக்கொண்டிருக்கலாம். பாறை நெருங்கும்போதுதான் உந்தும் தேவை எழுகிறது. ஒரு தடவை உந்தியதும் சறுக்கிச் செல்லும் அனுபவம் கிட்டுகிறது. அச்சறுக்கலும் முடிவின்றித் தொடராமல் மெல்ல ஓயுமாறு அமைக்கப்பட்டிருந்தது. பொருளின் கடினம் முற்றாக நீக்கப்படவில்லை. அது புதியவர் தாங்கக்கூடிய அளவுகளாகப் பகுத்து வழங்கப்பட்டது.

நாடக வழக்கும் உலகியல் வழக்கும்

கடினத்தை அகற்ற இன்னொரு வழியும் உண்டு. அது விண்வெளியையே மாற்றிவிடுதல். 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ்' திரைப்படத்தின் போர்க்காட்சிகளை அமைக்கும்போது ஜோர்ஜ் லூக்காஸ் இரண்டாம் உலகப் போர்க்கால விமானச் சண்டைப் படத்துண்டுகளை மாதிரியாகக் கொண்டார். அதனால் அவருடைய கலங்கள் காற்றிலே பறப்பனபோலச் சாய்ந்து வளைந்து திரும்பின. 1990இல் வெளிவந்த 'விங் கொமாண்டர்', 1993இல் வெளிவந்த 'எக்ஸ் விங்' முதலான ஆட்டங்களும் இதே வழக்கைக் கைக்கொண்டன. முகம் திரும்பும் பக்கமே கலமும் செல்லும். உந்துதலைக் குறைத்தால் வேகம் குறையும். அரிஸ்டோட்டிலின் கைக்கு இங்கே இடருண்டாவதில்லை.

இது பொய்யா? தொல்காப்பியர் வகுத்த பாகுபாடு இங்கு துணைபுரியும். நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டினையும் கூறி, அவற்றின் வழிப்பட்டதே புலனெறி வழக்கம் என அவர் கொள்கிறார். அரங்கில் இரண்டு முறை சுற்றிவரும் கூத்தன் காட்டைக் கடந்துவிட்டான் எனக் காண்போர் கொள்வர். எவரும் அவனைப் பொய்யன் என்பதில்லை. ஆடுவோரும் காண்போரும் ஒப்பிய வழக்கு ஏமாற்றமாகாது. அவ்வகையில் வளைந்து பறக்கும் விண்கலமும் குற்றமற்றது. மேலும், பறத்தல் எளிதானதால் அவ்வாட்டங்கள் முழுமையாக எளிதாகிவிடவுமில்லை. சுடுகருவி, காப்பு, உந்துபொறி ஆகியவற்றுக்கிடையே ஆற்றலைப் பங்கிடும் பொறுப்பை 'எக்ஸ் விங்' ஆடுபவரிடமே விட்டது. கடினம் கையிலிருந்து தீர்மானத்துக்கு இடம் பெயர்ந்தது.

உண்மையை முழுமையாகப் பின்பற்றுவதும் தன்னளவில் நன்மை தருவதில்லை. 1993இல் வெளிவந்த 'புரொன்ரியர்: எலீற் 2' நியூட்டனின் விதிகளைப் பெரிதும் கடைப்பிடித்தது. கலங்கள் ஒன்றையொன்று கண்ணிமைப் பொழுதில் கடந்து, மீண்டும் நெடுந்தூரம் சென்று திரும்பிவரும் நிலை ஏற்பட்டது. போர் போராக அமையவில்லை எனப் பழகிய ஆட்டக்காரரே குறைப்பட்டனர்.

எனவே எளிமைக்கும் உண்மைக்கும் இடையிலான பூசலாக இதனைக் காண்பது போதாது. உலகியல் வழக்கைத் தேர்ந்த ஆட்டமும் நன்றாக அமையலாம். நாடக வழக்கைத் தேர்ந்த ஆட்டமும் நன்றாக அமையலாம். அறவினா வேறோரிடத்தில் இருக்கிறது.

உதவி யாருக்கு?

1984இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களாகிய டேவிட் பிறேபனும் இயன் பெல்லும் ஆக்கிய 'எலீற்' ஆட்டம் இதற்குச் சான்று. அதில் பயணம் முடிந்ததும் விண்நிலையம் ஒன்றினுள் நுழையவேண்டும். நிலையம் சுழன்றுகொண்டிருக்கும், அதன் வாயில் ஒடுக்கமானது. சுழற்சிக்கு ஏற்பத் தம் கலத்தையும் சுழற்றி நேராக உட்புகவேண்டும். சிறிது பிசகினாலும் கலம் சிதறும். புதியவர் பலர் பகைவரால் அழிந்ததிலும் மிகுதியாக இவ்வாயிலிலே அழிந்திருப்பர். இவ்விடருக்கு ஆட்டத்திலேயே ஒரு மருந்து உண்டு: கலத்தைத் தானாக உட்செலுத்தும் கருவி. அதன் விலை 1,500 நாணய அலகுகள். ஆட்டத்தைத் தொடங்கும் ஒருவரிடம் இருப்பது 100.

அக்கருவி எவருக்கு மிகவும் தேவையோ அவரால் அதனை வாங்க இயலாது. வாங்கும் நிலையை அடைந்தவரோ, பலமுறை உட்புகுந்து வணிகம் செய்து பொருளீட்டியவர். அவருக்கு அக்கருவி வசதியே அன்றித் தேவையன்று. உதவி உண்டு, ஆனால் உதவி வேண்டாத நிலையை எட்டியவருக்கே அது கிட்டுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்பு. பேணாட் சூற்ஸ் என்னும் மெய்யியலாளர் 1978இல் வெளியிட்ட நூலில், தேவையற்ற தடைகளைத் தாமே விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என வரையறுத்தார். பந்தைக் கையால் எடுத்துச்சென்று வலைக்குள் இடுவது எளிது. அவ்வாறு செய்யாதிருக்க உடன்படுவதாலேயே உதைபந்தாட்டம் உண்டாகிறது. ஆகவே தடையை நீக்கினால் ஆட்டமே நீங்கும். சுழலும் வாயிலில் பத்து முறை சிதறிப் பதினோராம் முறை உட்புகுந்தவர் அடையும் மகிழ்ச்சியைக் கருவி தராது. பழகிய ஆட்டக்காரர் கடினத்தைக் காக்க முனைவதில் இந்த நியாயம் இருக்கிறது.

ஆயின் சூற்ஸின் வரைவிலக்கணத்தையே உற்றுநோக்கினால் அதனுள்ளே ஒரு நிபந்தனை காணப்படும். தடை, விரும்பி ஏற்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். விரும்பி ஏற்பதற்கு அது இன்னதென அறிந்திருத்தல் வேண்டும். உந்தியது ஏன் நிற்கவில்லை என்பது விளங்காமல் எழுந்துபோனவர் எந்தத் தடையையும் ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அவர் தடையைக் காணவேயில்லை. சடத்துவம் என்ற பொருளின் கடினத்தோடு மோதி அவர் தோற்றிருந்தால் அது விளையாட்டிலே தோல்வி. அவரோ வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர். "எல்லாருக்கும் வராது" என்ற தீர்ப்பு, விசாரணையே நிகழாத வழக்கில் வழங்கப்பட்ட தீர்ப்பாகும்.

இத்தீர்ப்பைப் பழகியோர் வழங்குவது பெரும்பாலும் கொடுமையினால் அன்று. மறதியே அதற்குக் காரணம். ஹியூபேட், ஸ்ருவேட் டிறைபஸ் சகோதரர் 1980இல் அமெரிக்க விமானப்படைக்காக எழுதிய ஆய்வறிக்கையில், புதியவர் விதிகளைப் பற்றிக்கொண்டு செல்ல, தேர்ந்தவரோ விதிகளை நினையாமலே செயற்படுகிறார் எனக் காட்டினர். தேர்ச்சி முற்றும்போது, தாம் ஏறிவந்த படிகள் தேர்ந்தவருக்கே புலப்படாமற் போகின்றன. ஆகவே அவர் புதியவரின் தடுமாற்றத்தை இயல்பின் குறையாகக் காண்கிறார். மறதி குற்றமன்று, மறந்ததை நினைவுகூர மறுப்பது குற்றம்.

இம்மறுப்பு பெருமையாக மாறும் இடமும் உண்டு. "நாங்களும் இதையெல்லாம் பட்டுத்தானே வந்தோம்" என்ற வாதத்தைப் பல்கலைக்கழகத்தில் உள்ளோர் நன்கறிவர். பகிடிவதைக்கு நியாயம் கற்பிப்போர் கூறுவதும் இதுவே. புதுமுக மாணவருக்கு விளங்காத கலைச்சொற்களை விளக்காமலே விரிவுரையைத் தொடர்வதிலும் இதன் சாயல் உண்டு. தாம் பட்ட துன்பத்துக்கு விலை வேண்டும் மனம், அவ்விலையை அடுத்து வருபவரிடம் அறவிடுகிறது. விண்போர் ஆட்டத்தில் இதனால் ஒரு மாலைப்பொழுதே வீணாகும். பல்கலைக்கழகத்தில் வீணாவது அதனிலும் பெரிது. எனினும் வாதத்தின் பிழை ஒன்றே. கற்கும் பொருளின் கடினம் ஒருவரை வளர்க்கக்கூடும். வாயிலின் கடினம், அதனைத் தாங்கியவரை வாயிற்காவலராக ஆக்குவதன்றி வேறெதனையும் கற்பிப்பதில்லை.

முடிவுரை

2014இல் வெளிவந்த 'எலீற்: டேஞ்சரஸ்' ஆட்டத்தில் கையாளப்பட்ட முறை இங்கு எண்ணத்தக்கது. அதில் கலத்தை ஓர் உதவிப்பொறி கட்டுப்படுத்துகிறது. கையை எடுத்தால் அதுவே எதிர்விசை தந்து சுழற்சியையும் சறுக்கலையும் அடக்குகிறது. புதியவருக்கு அது தொடக்கத்திலேயே, விலையின்றி, இயங்கும் நிலையில் வழங்கப்படுகிறது. விரும்பியபோது அவர் அதனை நிறுத்திவிடலாம். நிறுத்தியதும் சடத்துவம் தன் இயல்பைக் காட்டுகிறது. வேகத்துக்கு அப்போதும் ஓர் எல்லை விதிக்கப்பட்டிருத்தலால் அது முழு உண்மையுமன்று. அவ்வாறிருந்தும் தேர்ந்தோர் பலர் உதவியை நிறுத்தியே ஆடப் பயில்கின்றனர். இவ்வாட்டம் பிற வகைகளில் புதியவருக்கு எளியதன்று. இந்த ஒன்றில் அதன் முறை சரியானது. உதவி முன்னே வைக்கப்பட்டுள்ளது. உதவிக்கு அப்பால் இருப்பதும் மறைக்கப்படவில்லை.

உதவி பெற்றவர் அதிலேயே தங்கிவிடமாட்டாரா என வினவலாம். சிலர் தங்கலாம். அது அவர்களுடைய தெரிவு. தங்குவதற்கு உரிமை உண்டு. உதவியை விட்டு அப்பால் செல்லவும் வழி திறந்திருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தாற் போதும். வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அந்தத் தெரிவும் இருந்ததில்லை.

ஆகவே அறிந்தவர் அறியாதவருக்குச் செய்யக் கடமைப்பட்டது கடினத்தை ஒழிப்பதன்று. அதனை மெச்சிக்கொண்டு நிற்பதுமன்று. எது பொருளின் கடினம், எது தாம் வைத்த வாயிலின் கடினம் எனத் தம்முள்ளே பிரித்தறிவதே அவரது முதற் கடமை. பின்னையதை அகற்றிவிட்டு, முன்னையதன் எதிரே புதியவரைக் கொண்டுவந்து நிறுத்துவது அடுத்தது. அங்கு நின்று, உந்தியது நிற்காது என்பதைக் கண்ட பின்னர், அவர் எழுந்துபோக விரும்பினால் போகலாம். இருக்க விரும்பினால் கலத்தின் முகத்தை எதிர்த்திசைக்குத் திருப்பி, மீண்டும் ஒருமுறை உந்திப் பார்க்கலாம்.